கயிறு யார் கையில்?

பல்கலைக்கழக ஆய்வொன்றுக்காக 22 வயது மாணவி ஒருத்தி முதுகில் வாயு உருளையைச் சுமந்துகொண்டு கடலில் இறங்கத் தயாராகிறாள் என்று வைத்துக்கொள்வோம். காலையிலிருந்து காற்றின் திசை மாறியிருக்கிறது. நீர் கலங்கிக் கிடக்கிறது. முதல்நாள் இரவு முதல் அவளுக்குத் தடிமன். ஆனால் படகுக்கு வாடகை கொடுத்தாயிற்று. ஆய்வுக்கான நிதி அடுத்த மாதத்தோடு முடிகிறது. படகில் அமர்ந்திருக்கும் பேராசிரியரே அவளது ஆய்வேட்டை மதிப்பிடப் போகிறவர். அந்தப் படகில், "இன்று இறங்க வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது?

இக்கேள்விக்கு ஒருவரின் பெயரைச் சொல்லி விடை தர முடியாத பல்கலைக்கழகம், தன் மாணவரைக் கடலுக்குள் அனுப்பும் தகுதியற்றது. இதுவே என் வாதம். "எல்லோருக்கும் பொறுப்பு உண்டு" என்பது விடையாகாது. எல்லோருக்கும் உள்ள பொறுப்பு எவருக்கும் இல்லாத பொறுப்பு என்பதைக் கடந்த முப்பது ஆண்டுகளாக விபத்துச் செய்திகளை எழுதிவரும் எனக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

கலைப்பீடத்தில் படித்தவனுக்கு ஸ்கூபா பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனக்குக் கடலுயிரியல் தெரியாது. ஆனால் விசாரணை அறிக்கைகளை வாசிக்கத் தெரியும். எந்த நாட்டு அறிக்கையாக இருந்தாலும், எந்தத் தொழிலாக இருந்தாலும், அவற்றில் ஒரு வாக்கியம் ஏதோவொரு வடிவில் திரும்பத் திரும்ப வருகிறது: ஆபத்து முன்னரே தெரிந்திருந்தது, நிறுத்த வேண்டியவர் நிறுத்தவில்லை.

மன்னார்க் கடலில் முத்துக்குளித்த நம் முன்னோர் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தார்கள். கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கிக் கீழே போகிறவனின் கயிற்றை மேலே பிடித்திருப்பவன் அவனுடைய மைத்துனனாக இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். தன் தமக்கையோ தங்கையோ தாலியறுப்பதை எவன் விரும்புவான்? கயிறு ஒருமுறை அசைந்தால் போதும், அவன் இழுத்துவிடுவான். இன்னும் நான்கு சிப்பி எடுக்கட்டும் என்று காத்திருக்க மாட்டான். எல்லாப் படகிலும் இவ்வாறே நடந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. அந்த வழக்கில் ஒளிந்திருக்கும் அறிவே முக்கியம். கயிற்றைப் பிடிப்பவனுக்கு முத்தின் மீது பங்கு இருக்கக் கூடாது. கீழே இருப்பவனின் உயிர் மீது பங்கு இருக்க வேண்டும்.

இன்றைய பல்கலைக்கழகப் படகுகளில் கயிறு பெரும்பாலும் முத்து வேண்டுபவரின் கையிலேயே இருக்கிறது.

முதலில் கடல் என்ன செய்யும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீர்மட்டத்தில் நம்மீது ஒரு வளிமண்டல அமுக்கம். 10 மீற்றர் ஆழத்தில் அது இரண்டாகிறது. 30 மீற்றரில் நான்கு. அந்த அமுக்கத்திலேயே சுழியோடி மூச்செடுக்கிறார். 10 மீற்றரில் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று இரு மடங்காக விரியும். நுரையீரல் கிழியும். அதனால்தான் கரைக்கு மிக அண்மையில் உள்ளதாகத் தோன்றும் கடைசிப் பத்து மீற்றர் மிகக் கொடியது. மற்றையது நைதரசன். ஆழத்தில் அது குருதியிலும் இழையங்களிலும் கரைகிறது. மெதுவாக ஏறினால் மூச்சோடு வெளியேறிவிடும். விரைந்து ஏறினால், சோடாப் போத்தலைச் சட்டென்று திறந்தது போல, உடலுக்குள்ளேயே குமிழிகளாகும். மூட்டில் குமிழி வந்தால் வலி. முள்ளந்தண்டில் வந்தால் வாழ்நாள் முழுவதும் கால்கள் இயங்காமற் போகலாம். இதற்குச் சிகிச்சை, உடனடியாகச் சுத்தமான ஒட்சிசனும், பின்னர் அமுக்க அறையுமே.

நம் கரைகளில் கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்குபவர்களிடையே இப்படி நடை இழந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களில் எவரும் அமுக்கம் பற்றிய பாடம் படித்தவரல்லர். வறுமை அவர்களை இறக்கியது. பல்கலைக்கழகத்துக்கு அந்தச் சமாதானம் கிடையாது. அது பாடம் சொல்லித் தரும் இடம்.

ஆய்வுக்காக இறங்குபவருக்கு இன்னுமொரு ஆபத்து உண்டு. உல்லாசப் பயணி மீனைப் பார்க்கவே இறங்குகிறார். அலுத்தால் மேலே வருவார். ஆய்வு மாணவரின் கையில் எழுதும் பலகை, அளவு நாடா, புகைப்படக் கருவி. முருகைக்கல்லைச் சதுரம் சதுரமாகப் பிரித்து எண்ண வேண்டும். எண்ணிக்கையில் மூழ்கியவர் காற்றின் அளவுமானியைப் பார்க்க மறப்பார். ஒரு சதுரம் மீதமிருந்தால் தரவு முழுமையடையாது. தரவு முழுமையடையாவிட்டால் பட்டம் தள்ளிப்போகும். கடலடியில் 18 மீற்றரில் இருக்கும் ஒருவரின் மனதில் பரீட்சைச் சபையும் உட்கார்ந்திருக்கிறது என்பதை மேலே இருப்பவர்கள் உணர்வதில்லை.

இதைப் பல்கலைக்கழகங்கள் அறியாதவை அல்ல. அமெரிக்காவின் வரலாற்றைப் பாருங்கள். 1950களிலேயே கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனம், ஆய்வாளர்களுக்கெனச் சுழியோடல் பயிற்சியையும் விதிகளையும் உருவாக்கியது. அதில் முன்னின்றவர் கொன்ராட் லிம்போ. அந்நிறுவனத்தின் சுழியோடல் உத்தியோகத்தர். பின்னர் 1977 இல், வர்த்தகச் சுழியோடிகளைப் பாதுகாக்க அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு, சுகாதார நிர்வாகம் கடும் விதிகளைக் கொண்டுவந்தபோது, அவை ஆய்வாளர்களையும் பிடித்துக்கொண்டன. எண்ணெய்க் குழாய் பொருத்துபவருக்கான சட்டம் மீன் எண்ணுபவருக்குப் பொருந்தாது என்று விஞ்ஞானிகள் வாதிட்டார்கள். அவ்வாண்டே அமெரிக்க நீரடி அறிவியல் கழகம் தோன்றியது. 1982 இல் ஆய்வுச் சுழியோடலுக்கு விதிவிலக்கு அளிக்கப்பட்டது. வர்த்தகச் சுழியோடிகளையும் உறுப்பினராகக் கொண்ட தச்சர் தொழிற்சங்கம் அதை எதிர்த்து நீதிமன்றம் வரை சென்றது. 1985 இல் விதிவிலக்குக்கான வழிகாட்டுநெறிகள் வெளிவந்தன.

இந்த விதிவிலக்கு இலவசமாகக் கிடைத்ததன்று. அதற்கு விலை இருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் பாதுகாப்புக் கைநூல் ஒன்றையும் சுழியோடல் கட்டுப்பாட்டுச் சபை ஒன்றையும் வைத்திருக்க வேண்டும். அச்சபையில் பெரும்பான்மையோர் தாமே சுழியோடுபவர்களாக இருக்க வேண்டும். சுழியோடல் விடயத்தில் அச்சபைக்குத் தன்னாட்சியும் முழு அதிகாரமும் வேண்டும். துறைத் தலைவருக்கும் பீடாதிபதிக்கும் பணியாத அதிகாரம் அது. அதாவது, அரசின் கண்காணிப்பாளர் எங்களுக்கு வேண்டாம், நாங்களே எங்களுக்கு "வேண்டாம்" சொல்லும் ஒருவரை வைத்துக்கொள்கிறோம் என்று பல்கலைக்கழகங்கள் வாக்குக் கொடுத்தன. அந்த வாக்கைக் கொடுத்துச் சட்டத்திலிருந்து தப்பிய நிறுவனம், பின்னர் அந்தச் சபையை ஆண்டுக்கொரு முறை தேநீர் அருந்திக் கலையும் கூட்டமாக்கினால், அதை நான் மோசடி என்றே சொல்வேன்.

பிரித்தானியா வேறு வழியில் போனது. அங்கு 1997 ஆம் ஆண்டின் தொழில்சார் சுழியோடல் ஒழுங்குவிதிகள் ஆய்வாளரையும் உள்ளடக்குகின்றன. அறிவியல், தொல்லியல் சுழியோடலுக்கெனத் தனி நடைமுறைக் கோவை உண்டு. சுழியோடலுக்கு முன் எழுத்தில் திட்டம் வேண்டும். மேற்பார்வையாளர் எழுத்தில் நியமிக்கப்பட வேண்டும். அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஆய்வுச் சுழியோடலுக்கெனத் தனித் தரநிலை வைத்திருக்கின்றன. வழிகள் வேறு, ஆனால் எல்லாம் வந்துசேரும் இடம் ஒன்றே. பெயர் குறிக்கப்பட்ட ஒரு மனிதர் பொறுப்பேற்க வேண்டும்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

முதலாவது: "மாணவரிடம் சர்வதேச சுழியோடல் அட்டை இருக்கிறது. அது போதாதா?" போதாது. உல்லாசச் சுழியோடிக்கான அடிப்படை அட்டையைப் பெற, திறந்த கடலில் நான்கு முறை இறங்கினால் போதும். அந்த அட்டை 18 மீற்றர் வரை செல்ல அனுமதிக்கிறது. அமெரிக்க நீரடி அறிவியல் கழகத்தின் நியமம் அதற்கு மேல் 100 மணிநேரப் பயிற்சியைக் கேட்கிறது. ஐரோப்பிய ஆய்வுச் சுழியோடி என்ற தகுதிக்கு 70 தடவை இறங்கியிருக்க வேண்டும். மோட்டார்ச் சைக்கிள் அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவரிடம் பயணிகள் பேருந்தை யாரும் ஒப்படைப்பதில்லை. அட்டையின் பிரதியைக் கோப்பில் இட்டுவிட்டுக் கடமை முடிந்ததென்று இருப்பவர்கள், தங்கள் சொந்தப் பிள்ளையை அந்தப் பேருந்தில் ஏற்றுவார்களா?

இரண்டாவது வாதம் கனமானது. "புள்ளிவிபரத்தைப் பாருங்கள். ஆய்வுச் சுழியோடல் மிகப் பாதுகாப்பானது." உண்மை. அமெரிக்க நீரடி அறிவியல் கழகத்தின் உறுப்பு நிறுவனங்களில் 1998 முதல் 2007 வரையான பத்து ஆண்டுகளில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட சுழியோடல்கள் நடந்தன. அவற்றில் உறுதிசெய்யப்பட்ட அமுக்கநீக்க நோய் 33 பேருக்கே ஏற்பட்டது. பெருமைப்படத்தக்க எண்ணிக்கை. ஆனால் அது யாருடைய எண்ணிக்கை? சபையும் பாதுகாப்பு உத்தியோகத்தரும் பயிற்சியும் வைத்தியப் பரிசோதனையும் உள்ள நிறுவனங்களுடைய எண்ணிக்கை. அந்த ஏற்பாடுகள் எதுவுமே இல்லாத ஒரு துறை, அதே எண்ணிக்கையை எடுத்துக்காட்டித் தன்னைத்தானே பாராட்டிக்கொள்வது, அடுத்த வீட்டுக்காரனின் காப்புறுதியை நம்பித் தன் வீட்டில் விளக்கை அணைக்காமல் உறங்குவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது: "எங்கள் பேராசிரியர் இருபது ஆண்டு அனுபவமுள்ளவர். அவருக்கு மேல் இன்னொருவர் எதற்கு?" யானைக்கும் அடி சறுக்கும். நான் மேலே சொன்ன லிம்போ, அந்நாளில் உலகிலேயே தேர்ந்த ஆய்வுச் சுழியோடிகளுள் ஒருவர். மற்றவர்களுக்கு விதி எழுதியவர். 1960 மார்ச்சில், பிரான்ஸின் தென்கரையில் நீருக்கடியில் உள்ள நதிக் குகை ஒன்றில் இறந்தார். அவரை இழித்துப் பேச இதைச் சொல்லவில்லை. அனுபவம் ஆபத்தைக் குறைக்கும், ஆனால் ஆபத்திலிருந்து எவருக்கும் விலக்களிக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அனுபவத்தோடு பதவியும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். 2006 ஓகஸ்ட் 17 அன்று, ஆட்டிக் சமுத்திரத்தில் ஆய்வுப் பயணம் சென்ற அமெரிக்கக் கரையோரக் காவற்படையின் 'ஹீலி' என்ற பனியுடைப்புக் கப்பலில் நடந்ததைக் கேளுங்கள். கப்பல் பனியிடையே நின்றது. பணியாளர்கள் இறங்கி ஓய்வாக விளையாடிக் கொண்டிருந்தார்கள், மது அருந்தவும் அனுமதி இருந்தது. அவ்வேளையில் பழகிப் பார்ப்பதற்காக 20 அடி ஆழத்துக்குச் சுழியோடத் திட்டமிட்டார்கள். மூவர் ஆயத்தமாகி, உடைக்குள் நீர் கசிந்ததால் ஒருவர் விலகினார். மற்ற இருவரும் அளவுக்கு மிஞ்சிய எடையோடு இறங்கினார்கள். மேலே கயிற்றைப் பிடித்தவர்களுக்கு முறையான பயிற்சி இல்லை. கயிறு ஓடிக்கொண்டேயிருந்தது. 20 அடிக்கு இறங்கியவர்கள் 50 மீற்றருக்கும் கீழே சென்றிருந்தார்கள். இருவரும் பிணமாகவே மேலே வந்தார்கள். இறந்தவர்களுள் ஒருவரே அக்கப்பலின் சுழியோடல் பொறுப்பதிகாரி. திட்டமிட்டவரும் அவரே, இறங்கியவரும் அவரே. கப்பலின் தளபதி பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

அது படைத்துறை. விதிநூல்கள் அலுமாரி நிறைய உள்ள இடம். விதி இல்லாமல் அவர்கள் சாகவில்லை. விதியைக் கையில் எடுத்து, "நிறுத்துங்கள்" என்று சொல்லத் தனியான ஒருவர் இல்லாமல் செத்தார்கள். கயிறு கையில் இருந்தும் அதன் மொழி புரியாதவர்களிடம் அதைக் கொடுத்தார்கள். முத்துக்குளிப்புப் படகின் மைத்துனனுக்கு அந்த மொழி தெரியும்.

பல்கலைக்கழகம் நேரடியாக நடத்திய இடத்திலும் மரணம் நிகழ்ந்திருக்கிறது. புளோரிடாக் கடலடியில் உள்ள 'அக்குவாரியஸ்' ஆய்வுகூடத்தை 2009 இல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் வில்மிங்டன் வளாகம் நடத்தி வந்தது. அவ்வாண்டு மே மாதத்தில், அதன் பணியாளரான தேர்ந்த சுழியோடி ஒருவர் இறந்தார். வெளிவிடும் மூச்சைத் தூய்மையாக்கி மீண்டும் தரும் மின்னணுச் சாதனத்தை அவர் அணிந்திருந்தார். காரணங்கள் பல என்று விசாரணை கண்டது. அவற்றுள் ஒன்று, அருகில் இயங்கிய நீரடிச் சம்மட்டியின் அதிர்வு அச்சாதனத்தின் மின்னணு அமைப்பைச் செயலிழக்கச் செய்தது என்பது. சம்மட்டி தனியே பழுதற்றது. சுவாசச் சாதனமும் தனியே நம்பகமானது. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதே கேள்வி. அந்தக் கேள்வியை வேலை செய்பவரால் கேட்க முடியாது. அவருக்கு வேலையே கண்ணுக்குத் தெரியும். ஒதுங்கி நின்று பார்ப்பவரே அதைக் கேட்க முடியும்.

எல்லா மரணங்களுக்கும் அலட்சியமே காரணம் என்று சொல்பவனல்லன் நான். 2003 ஜூலையில் அந்தாட்டிக்காவில், பிரித்தானிய ஆய்வு நிலையம் ஒன்றின் இளம் கடலுயிரியலாளர் மூச்சுக்குழாயுடன் நீரில் இருந்தபோது சிறுத்தைக் கடல்நாய் ஒன்று அவரை ஆழத்துக்கு இழுத்துச் சென்றது. அவ்விலங்கால் மனிதர் இறந்ததாக அதற்கு முன் பதிவு இல்லை. கரையில் கவனித்துக்கொண்டிருந்தார்கள், மீட்புப் படகு விரைந்தது. ஆயினும் காப்பாற்ற முடியவில்லை. கடல் சில வேளை நம் கணக்கை மீறும். அதனால்தான் கணக்குக்குள் வருபவற்றிலாவது தவறக் கூடாது என்கிறேன்.

நான்காவது வாதம் என்னிடம் நேரிலேயே சொல்லப்பட்டது. சொன்னவர் ஒரு விரிவுரையாளர். "சபை, படிவம், அனுமதி என்று போனால் இங்கே ஆய்வே நடக்காது." படிவங்கள் மீதான அவரது வெறுப்பில் எனக்கும் பங்குண்டு. சென்ற ஆண்டின் ஆபத்து மதிப்பீட்டில் திகதியை மட்டும் மாற்றிக் கையொப்பமிடுவது பாதுகாப்பாகாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஆனால் நான் கேட்பது காகிதம் அன்று. படகில் ஒட்சிசன் உருளை இருக்கிறதா, அதைக் கொடுக்கத் தெரிந்தவர் இருக்கிறாரா, இருவர் கீழே இருக்கும்போது மேலே மூன்றாமவர் ஆயத்தமாக இருக்கிறாரா, அமுக்க அறை எங்கே என்று படகோட்டிக்குத் தெரியுமா என்பதே. இவற்றைச் சரிபார்க்க அரைமணிநேரம் போதும். அரைமணிநேரத்தில் அழியும் ஆய்வு நடக்காமற் போவதே நல்லது.

ஐந்தாவது வாதத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "மாணவர்கள் தாமாக விரும்பித்தானே இறங்குகிறார்கள்?" இங்கேதான் என் கோபம் முழுவதும் இருக்கிறது. நிலைமை பாதுகாப்பற்றது என்று தோன்றினால் இறங்க மறுப்பது சுழியோடியின் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும் என்று அமெரிக்கக் கழகத்தின் கைநூல் சொல்கிறது. நல்ல வாசகம். ஆனால் நம் சமூகத்தில் வளர்ந்த பிள்ளையிடம் அதை வாசித்துக் காட்டுங்கள். சேர் சொன்னால் மறுபேச்சுப் பேசக் கூடாது என்று பாலர் வகுப்பிலிருந்து பழக்கிவிட்டு, 22 வயதில் நடுக்கடலில் அவள் திடீரென்று மறுபேச்சுப் பேசுவாள் என்று எதிர்பார்க்கிறோம். பரிந்துரைக் கடிதமும் வகுப்பு நிலையும் மேற்படிப்பு வாய்ப்பும் எவர் கையில் இருக்கின்றனவோ, அவர் முன் அவள் காட்டும் விருப்பத்துக்கு விருப்பம் என்று பெயரில்லை. ஆகவே மறுக்கும் சுமையை மாணவியின் தோளில் வைக்காதீர்கள். அவளுக்குப் புள்ளி போடாத, ஆய்வு நிதியில் சம்பளம் வாங்காத ஒருவரின் தோளில் வையுங்கள்.

இலங்கையிலும் ருகுணு, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களில் கடலும் மீன்பிடியும் பாடமாக உள்ளன. மன்னார் வளைகுடாவும் பாக்கு நீரிணையும் திருகோணமலைக் கடலும் ஆய்வாளருக்குத் திறந்து கிடக்கின்றன. இந்த ஆய்வுகள் பெருக வேண்டும் என்றே விரும்புகிறேன். 1902 இல் ஹேர்ட்மன் என்ற பிரித்தானிய விஞ்ஞானி மன்னார் முத்துச்சிப்பிப் படுகைகளை ஆராய வந்தபோது, அறிக்கை எழுதும் வேலை அவருடையதாயிருந்தது, படுகையில் இறங்கும் வேலை சுதேசிச் சுழியோடிகளுடையதாயிருந்தது. இன்று நம் பிள்ளைகள் தாமே இறங்கித் தாமே அறிக்கை எழுதுகிறார்கள். அது பெரிய முன்னேற்றம். அந்த முன்னேற்றத்தை ஒரு சவப்பெட்டியோடு கொண்டாடக் கூடாது.

திருகோணமலையில் கடற்படையின் அமுக்க அறை உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்தோ மன்னாரிலிருந்தோ அங்கு போகப் பல மணிநேரம் ஆகும். குமிழிகள் அதுவரை காத்திருக்க மாட்டா. எனவே வடகரையில் இறங்கும் ஒவ்வொரு குழுவும், கொழும்பிலோ மெல்பேணிலோ இறங்கும் குழுவைவிட ஆழம் குறைத்து, நேரம் குறைத்து, ஒட்சிசனைக் கூட்டி எடுத்துச் செல்ல வேண்டும். வசதி குறைந்த இடத்தில் எச்சரிக்கை கூட வேண்டும். நம்மிடம் நடப்பதோ பெரும்பாலும் இதற்கு எதிர்மாறானது. "எங்களிடம் வசதி இல்லை" என்பதையே எச்சரிக்கையைக் கைவிடுவதற்கான காரணமாக்குகிறோம்.

இன்னொரு வேண்டுகோள். உள்ளூர்ச் சங்கு குளிப்பவரை நாட்கூலிக்கு அழைத்து மாதிரி எடுத்துவரச் சொல்லும் ஆய்வாளர்கள் எங்கிருந்தாலும், அவரையும் தங்கள் சுழியோடியாகவே கணக்கில் எடுங்கள். மாணவிக்கு வைத்தியப் பரிசோதனை, அவருக்குக் கைச்செலவு என்று பிரிப்பது அறிவியலும் அன்று, அறமும் அன்று.

மெல்பேணிலும் ரொறொன்ரோவிலும் லண்டனிலும் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இதை வாசிக்கும் பெற்றோருக்கு: உங்கள் பிள்ளை கடலியல் படிக்கிறதென்றால் மகிழுங்கள், தடுக்காதீர்கள். ஆனால் துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சுழியோடலை நிறுத்தும் அதிகாரம் உடையவரின் பெயர் என்ன? அவர் அந்த ஆய்வில் பங்காளியா? கடைசியாக எப்போது அவர் "வேண்டாம்" என்று சொன்னார்? மூன்றாவது கேள்வியே முக்கியம். ஒருமுறையேனும் எந்தச் சுழியோடலையும் நிறுத்தாத பாதுகாப்பு உத்தியோகத்தர், கடல் எப்போதும் அமைதியாக இருக்கும் உலகில் வாழ்கிறார், அல்லது தன் பதவியில் இல்லை.

விடை வராவிட்டால், அதுவே விடை. உங்கள் பிள்ளையின் கயிற்றை மேலே எவரும் பிடித்திருக்கவில்லை.